கரைஞ்சிடும் சரி, எப்போ?

மிக்ஸி வாங்கினால் வாரண்டி கார்டு தருகிறார்கள். கண்ணுக்கு அடியில் வைக்கிற தகட்டுக்கு? பல நோயாளிகளுக்கு மிஞ்சுவது ஒரே வரிதான்: "அதுவா கரைஞ்சிடும், கவலைப்படாதீங்க."

வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுபவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. முகத்தில் பலமாக அடிபட்டால் கண்குழியின் அடி எலும்பு உடையலாம். காகிதம் மாதிரி மெல்லிய எலும்பு அது. உடைந்தால் கண் உள்ளே இறங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அதைத் தாங்கத்தான் தகடு. டைட்டானியம் என்றால் ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். பாலிலாக்டிக் ஆசிட் வகை என்றால் உடம்பிலுள்ள நீரே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்போது கரையும்? சில வகை சில மாதத்திலேயே போய்விடும். ஓட்டை பெரிதாக இருந்தால் கண் மறுபடி இறங்கலாம். சில வகை வருஷக்கணக்கில் இழுக்கும். மிச்சத் துணுக்குகளைச் சுற்றி வீங்கும். நெதர்லாந்தில் 1993-ல் வெளியான ஆய்வில், கன்ன எலும்பு முறிவுக்கு இப்படித் தகடு வைத்த 10 பேரில் 4 பேர், 3 வருஷம் கழித்து வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். 5.7 வருஷம் கழித்தும் தகடு முழுசாகக் கரையவில்லை.

அது பழைய சரக்கு, இப்போது வருபவை சீக்கிரம் கரைபவை என்பார்கள். உண்மைதான். பலருக்கு நன்றாகவே ஆகிறது. தகடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி வேறு: மூணாம் வருஷம் கண் வீங்கினால், அதற்கும் பழைய ஆபரேஷனுக்கும் யார் முடிச்சுப் போடுவது? கான்ட்ராக்ட் தொழிலாளி அதற்குள் வேறு ஊருக்கே போயிருப்பார். அங்கே இருக்கிற டாக்டர் அலர்ஜி என்று சொட்டு மருந்து எழுதுவார். அவர் மேல் தப்பில்லை, கையில் சீட்டே இல்லையே!

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48', விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிறது. அருமையான திட்டம். உயிருக்கு 48 மணி நேரம் சரி, கண்ணுக்கு 48 மாசக் கணக்கு வேண்டாமா?

மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015-லேயே மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. நோயாளியே புகார் தரலாம். உள்ளே என்ன வைத்தார்கள் என்றே தெரியாதவர் என்னவென்று எழுதுவார்?

ஓ.பி.யில் கூட்டம், நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. தகட்டின் பெயர், வைத்த தேதி, கரையும் காலம், எந்த அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும். நாலே வரி, ஒரு அட்டை, தமிழிலும் இந்தியிலும். தகடு கரையட்டும், தகவலும் சேர்ந்து கரையக் கூடாது.