நிறம் மாறும் கண்ணாடியும் நம் கண்களும்

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் மூக்குக் கண்ணாடிகள் திருப்பூர்க் கடைகளில் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கண்ணாடியைவிட விலை அதிகம். அங்கத்தினர்கள் இவற்றை வாங்குவது தகுமா என்பதை ஆராய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்னும் இரு அறிஞர்கள் 1960களில் இதனை உருவாக்கினர். கண்ணாடிக்குள் வெள்ளி உப்பின் நுண்துகள்களை அமைத்தனர். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் வெள்ளி பிரிந்து கண்ணாடி கறுக்கிறது; கதிர் நீங்கியதும் மீண்டும் கூடித் தெளிகிறது. இன்று விற்கும் பிளாஸ்டிக் வில்லைகளில் வெள்ளிக்குப் பதிலாக இதே இயல்புடைய சாயங்கள் உள்ளன. சாயத்தோடு பழகிய நம் ஊருக்கு இது விளங்காத செய்தியன்று.

பல்லடத்திலும் காங்கேயத்திலும் திறந்த காட்டில் பகலெல்லாம் பாடுபடும் உழவருக்கும், வெளுத்த துணியைக் களத்தில் உலர்த்துவோருக்கும் கண்கூச்சம் பெருந்தொல்லை. அவர்களுள் ஏற்கனவே பார்வைக்காகக் கண்ணாடி அணிவோர்க்கு இது நிச்சயம் உதவும். கூச்சம் தணிவதோடு, கண்புரைக்கு ஒரு காரணமான புற ஊதாக் கதிரும் தடுக்கப்படும். புற ஊதாக் கதிரைத் தடுக்காத மலிவான கறுப்புக் கண்ணாடியோ தீங்கே செய்யும்; இருளில் கருவிழியின் பாவை விரிய, கதிர் கூடுதலாக உட்புகும்.

ஆயினும் குறைகளையும் சொல்லவேண்டும். வெப்பம் மிகுந்தால் இவ்வில்லை குறைவாகவே கறுக்கும். மார்கழிக் காலையில் கறுக்கும் அளவு சித்திரை நண்பகலில் கறுக்காது. லாரியின் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் ஓட்டுநருக்கும் பயன் சொற்பமே. வெயிலிலிருந்து தறிக்கூடத்தில் நுழைந்ததும் வில்லை உடனே தெளியாது. சில நிமிடங்கள் பொறுத்தே இயந்திரத்தருகே செல்லவேண்டும். விளக்கொளியில் தைப்போர்க்கும் பிசிறு வெட்டுவோர்க்கும் இதனால் ஆதாயமில்லை.

அவர்களுக்கு வேண்டியது வேறு. நாற்பது வயதைக் கடந்தால் கிட்டப்பொருள் மங்குவது இயற்கை. அஸ்ஸாமில் நாற்பது வயது கடந்த தேயிலை பறிப்போர்க்குக் கிட்டப்பார்வைக்கான எளிய கண்ணாடி வழங்கி ஆராய்ந்தனர். பெறாதவரைவிடப் பெற்றவரின் உழைப்புப் பலன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்ததென 2018இல் முடிவு வெளியாயிற்று. இலை பறிப்போர்க்கே இத்துணைப் பயனெனில், அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் நெசவாளர்க்கும் ஊசியில் நூல் கோக்கும் தையற்காரர்க்கும் எத்துணைப் பயனாகும்!

ஆதலின் முதலில் கண் பரிசோதனை, அடுத்துச் சரியான பார்வைக் கண்ணாடி, அதன்பின் வெயிலில் உழைப்போர்க்கு மட்டும் நிறம் மாறும் வில்லை என்பதே நாம் கூறும் வரிசை. வசதியில்லாதோர் அகன்ற தொப்பியோ முண்டாசோ அணியலாம். கோவையில் 1997 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவற்றை அணுகி, ஆண்டுதோறும் முகாம் நடத்தச் சங்கங்கள் முயலவேண்டும். நூலையும் உரத்தையும் ஒன்றுகூடி வாங்கும் நாம், கண்ணாடியை மட்டும் ஏன் தனித்தனியே அதிக விலைக்கு வாங்கவேண்டும்? வரும் பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.