வாசல் திறந்தால் போதுமா?

மத்திய அமெரிக்காவிலே எல் சால்வடோர் என்றொரு சிறிய நாடு. அந்நாட்டு உழைப்பாளர் இலட்சக்கணக்கில் அமெரிக்காவிலே பாடுபட்டு ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அந்த வியர்வைக் காசிலே ஒரு பங்கை இடையிலுள்ள கம்பெனிகள் கட்டணமாகப் பிடித்துக்கொள்கின்றன.

இக்குறையைத் தீர்ப்போம் என்று முழங்கினார் அதிபர் நயீப் புக்கேலே. 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயின் அங்கே சட்டப்பூர்வ நாணயமாயிற்று. 'ச்சிவோ' என்ற செயலியை அரசே வெளியிட்டது. கைப்பேசியில் பதிந்துகொண்டவருக்கு 30 டாலர் இலவசம்! நுழைவதற்கு இதைவிட எளிய வழி உண்டா?

மக்கள் நுழைந்தார்கள். 30 டாலரைச் செலவழித்தார்கள். பெரும்பாலோர் அத்தோடு செயலியை மறந்தார்கள்! 1,800 குடும்பங்களை நேரில் விசாரித்த பொருளாதார ஆய்வாளர்கள் கண்ட உண்மை இது. ரொக்கத்தின்மீது இருந்த நம்பிக்கை இதன்மீது பிறக்கவில்லை. 2025 ஜனவரியில், பிட்காயினை வாங்கித்தான் தீரவேண்டும் என்ற கட்டாயத்தையும் சட்டமன்றம் நீக்கிவிட்டது.

பாமரனுக்கு அறிவு போதாது என்பார்கள் மேதாவிகள். நாம் ஏற்கமாட்டோம். சந்தையிலே காசை எண்ணி வாங்குகிறவன் ஏமாளியல்ல. குறை அவனிடம் இல்லை. அவன்முன் வைக்கப்பட்ட கருவியில் இருக்கிறது.

பிளாக்செயின் என்பது ஒரே கணக்கேட்டைப் பல கணினிகள் வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று சரிபார்க்கும் ஏற்பாடு. தனியொருவன் நினைத்தால் கணக்கைத் திருத்த முடியாது. நல்லதுதான். ஆனால் புதிதாக வருகிறவனிடம் நீட்டப்படுவது என்ன? பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்கள், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்! அவைதான் அவன் பெட்டியின் சாவி. தொலைத்தால் பணம் போயிற்று. பிறன் பார்த்தாலும் போயிற்று. முறையிட அலுவலகம் கிடையாது. கையிலே டாலர்க் காசு இருந்தாலும், ஈதேரியத்திலே அதை அனுப்பக் கட்டணம் செலுத்துவதற்கு ஈதர் என்ற நாணயத்தைத் தனியே வாங்கவேண்டும்.

இதை எளிதாக்க இரண்டு வழிகள் உண்டு. "சாவியை எங்களிடம் கொடு, நிம்மதியாக இரு" என்பது முதல் வழி. ச்சிவோ சென்றது இவ்வழியே. 2022 நவம்பரில் திவாலான எஃப்.டி.எக்ஸ். நிறுவனமும் இப்படித்தான் வாடிக்கையாளர் பணத்தைத் தன் கையிலே வைத்திருந்தது. நுழைந்தவர்கள் எளிதாக நுழைந்தார்கள். போட்டதை எடுக்க முடியாமல் தவித்தார்கள்!

பூட்டையே மாற்றுவது இரண்டாம் வழி. 2023 மார்ச்சில் ஈதேரியத்தில் வந்த புதிய முறையும், 2025 மே மாதத்தில் வந்த 'பெக்ட்ரா' மாற்றமும் இதற்கு இடம் தந்துள்ளன. சாவி தொலைந்தாலும் நம்பிக்கைக்குரிய சிலர் சேர்ந்து பெட்டியை மீட்டுத்தரலாம். ஒரு நாளில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு கட்டலாம். கட்டணத்தை வேறொருவர் செலுத்தலாம்.

இரண்டாம் வழியை வரவேற்கிறோம். ஆனால் விழிப்போடு வரவேற்கிறோம். நம் கட்டணத்தைக் கம்பெனி ஏன் கட்டுகிறது? நாளை அது கையை இழுத்துக்கொண்டால் நம் கதி என்ன? கேட்காமல் இருக்கலாமா?

எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கவேண்டாம். கடல் கடந்து உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோர் நம்மிடையிலும் ஏராளம். நாளை அவர்கள் வாசலிலும் இது வந்து நிற்கும். அப்போது கேட்கவேண்டியவை நான்கு: சாவி யார் கையில்? தொலைத்தால் மீட்கும் வழி என்ன? விளக்கம் எங்கள் மொழியில் உண்டா? வேண்டாமென்றால் பணத்தோடு வெளியேற முடியுமா?

இலவசம் காட்டி அழைக்கிறவன் உள்ளே வரும் வாசலைத்தான் காட்டுவான். வெளியே போகும் வாசலைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு காலடி வையுங்கள், தோழர்களே!