காசு கொடுத்தால் சரியாகிவிடுமா?

"இலவச மென்பொருளில் கணக்கிட்டால் தப்புக்கு யார் பொறுப்பு?" ஆய்வு வட்டாரங்களில் பழகிப்போன வாதம் இது. திருச்சானூரில் தரிசனம் முடித்து, சித்தூர் சாலையில் காதங்கி வரை போனால் பதில் கிடைக்கும். அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் வானிலைக் கணிப்பு ஆய்வில் பயன்படுத்தும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. காற்றின் கணக்கு உதைத்தால் எந்தச் சமன்பாடு என்று தோண்டிப் பார்க்கலாம். பூட்டிய பெட்டிக்குள் எப்படித் தோண்டுவது?

காசு கொடுத்து வாங்கிய எக்செலின் லட்சணத்தையும் பார்க்கலாம். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தானாகவே தேதிகளாக மாற்றியது. பொறுப்பேற்றது யார்? 2020-இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டது! அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செலுக்கு வந்ததோ 2023-இல்.

கற்றுத்தர ஆளில்லை என்ற குறை மட்டும் நியாயமானது. அதற்கும் மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம் சைலேப், ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருள்களில் பயிற்சிகளை நடத்துகிறது. பெரிய ஆய்வுக்கு இலவச மென்பொருள் தாங்குமா என்றால், 2019-இல் வெளியான முதல் கருந்துளைப் படத்துக்குப் பின்னாலும் நம்பை, மேட்பிளாட்லிப் என்ற இலவசக் கருவிகள்தான் இருந்தன.