கடலைப் பங்கிட்ட கடிதங்கள்

1976 மார்ச் 23. இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங், இலங்கையின் பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் செயலாளர் டபிள்யூ. டி. ஜயசிங்கவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். இரு நாடுகளும் தத்தம் கடற்பரப்பின் வளங்கள் மீது இறைமை உரிமை கொள்வதால், இந்தியப் படகுகளோ மீனவர்களோ இலங்கைக் கடற்பரப்பில் அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது. இலங்கையருக்கும் இந்தியக் கடலில் அதே விதி. கடிதத்தின் சாரம் இதுதான். அன்றே ஒப்புதல் கடிதமும் வந்தது.

அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்றே ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது. கேள்வி கேட்கச் சட்டமன்றம் இல்லை. ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பிழைப்பைப் பற்றி இரண்டு அதிகாரிகள் கடிதம் மாற்றிக்கொண்டதை அறிந்திருக்க வழியே இல்லை.

இதற்கு முந்தைய ஆவணம் 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது அதில்தான். அந்த ஒப்பந்தத்தின் நடை வேறு. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்றது ஒரு பிரிவு. இரு நாட்டுக் கலங்களும் பரஸ்பரம் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது இன்னொன்று. படிக்க இதமாகத்தான் இருக்கிறது. மீன்பிடி உரிமை, வழிபாட்டு உரிமை, கப்பல் போக்குவரத்து உரிமை மூன்றும் முழுமையாகக் காக்கப்பட்டுவிட்டன என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார். ஆனால் ஒப்பந்தத்தின் எந்த வரியிலும் மீன்பிடிக்கலாம் என்று நேராக எழுதப்படவில்லை. வலை உலர்த்தவும், இளைப்பாறவும், அந்தோணியார் திருவிழாவுக்கு வரவும்தான் அந்த அனுமதி என்று மறுகரை வாதிட இடம் இருந்தது. இரண்டு அர்த்தத்துக்கு இடம் கொடுத்தது 1974-இன் ஒப்பந்தம். ஒரே அர்த்தத்தோடு வந்தது 1976-இன் கடிதம். எது நின்றது என்பது பாக் நீரிணையில் கைதான ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதுவது எப்படி என்று கேட்டால் நம் ஊரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மரியாதையைப் பற்றியதாகவே இருக்கும். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கு, 'ஹம்பிளி' என்று நடுவில் போடு, 'ஒபீடியன்ட்லி' என்று முடி. இந்தக் கரையின் வரலாறு சொல்லும் பாடம் வேறு. பணிவு விளிப்பிலும் விடைபெறுவதிலும் இருந்தால் போதும். நடுவில் இருக்க வேண்டியது, இரண்டாவது அர்த்தத்துக்கு இடம் தராத விவரமும் கோரிக்கையும்.

இந்தப் பாடத்துக்கு இன்னும் பழைய சாட்சி ராமநாதபுரம் அரண்மனையிலேயே இருக்கிறது. 1798 ஆகஸ்டில், கப்பப் பாக்கி தொடர்பாக ராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி வீரபாண்டிய கட்டபொம்மனுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் கடிதம் அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தன் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்க முயன்ற பாளையக்காரருக்குப் பேட்டி மறுக்கப்பட்டது. ஊர் ஊராக அலைந்து செப்டம்பரில் இராமலிங்க விலாசத்துக்கு வந்தவரை மணிக்கணக்கில் நிற்கவைத்தே விசாரித்தார் ஜாக்சன். கணக்கைப் பார்த்தபோது 3310 பகோடா பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. மிச்சம் 1080 பகோடாதான். அதன் பிறகு நடந்த கைகலப்பும், லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டதும், கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதும் தமிழ்நாடு அறிந்த கதை.

கதையாகச் சொல்லும்போது நாம் தாண்டிப்போவது அடுத்து நடந்ததை. பாஞ்சாலங்குறிச்சி திரும்பிய கட்டபொம்மன் சென்னை நிர்வாகத்துக்கு முறையீடு அனுப்பினார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் கசமேஜர் அடங்கிய குழு விசாரித்தது. குழுவின் முன் இருந்தவை ஜாக்சன் எழுதிய உத்தரவுகள், பயணத் தேதிகள், கட்டிய தொகை, கட்டாத தொகை. கட்டபொம்மன் குற்றமற்றவர் என்று முடிவானது, தானாபதி விடுதலையானார், ஜாக்சன் பதவி இழந்தார். கம்பெனியை எதிர்த்து ஒரு பாளையக்காரர் காகிதத்தில் வென்றார். வெற்றி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். காகிதத்தால் எதுவரை போக முடியும், எங்கே நின்றுவிடும் என்ற இரண்டையுமே அந்த ஓராண்டு காட்டிவிட்டது.

தர்பார்களில் குனிந்து பழகிய நடையைக் கம்பெனி தனக்கு வரும் மனுக்களிலும் எதிர்பார்த்தது. தாள் பணிந்து, சிரம் தாழ்த்தி, சமூகத்துக்குச் சமர்ப்பித்து எழுதப் பழகினோம். அதே மரபு ஆங்கிலத்திலும் குடியேறியது. எஜமானர்களோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் தெளிவாக எழுத வேண்டும் என்பதற்காக எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' 1948-இல் வந்தது. சுற்றி வளைக்காதே, படிப்பவருக்குப் பழக்கமான சொல்லைப் போடு, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்பதே அதன் சாரம். அமெரிக்கா 2010-இல் எளிய நடைக்காகச் சட்டமே இயற்றியது. நம் மனுக்களில் மட்டும் முதல் பத்தி முழுக்க இன்னும் கும்பிடு போடுகிறோம்.

தமிழில் எழுதினால் போதாதா? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போதும். 1956-இன் சட்டப்படி தமிழ்தான் மாநிலத்தின் ஆட்சிமொழி. டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கும், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் விஷயம் போக வேண்டும் என்றால் ஆங்கிலம் வந்துவிடுகிறது. விசைப்படகோடு ஆட்கள் பிடிபட்ட இரவில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு குடும்பத்துக்காக யாராவது ஒருவர் எழுத உட்காருகிறார். ஏழை மீனவர்கள், வாழ்வாதாரம், கண்ணீர், கருணை என்று தாள் நிரம்புகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருக்கும் அதிகாரி தேடுவது வேறு: '10 எம்எம்' என்று தொடரும் படகின் பதிவு எண், மீன்வளத் துறை கொடுத்த டோக்கனின் தேதி, படகில் இருந்தவர்களின் பெயரும் வயதும், கடைசியாகப் பேசிய நேரம், எந்த நீதிமன்றம், காவல் எந்தத் தேதி வரை. ஊர்க்காவற்துறை நீதிமன்றத்தில் படகைக் கேட்க உரிமையாளரே ஆவணங்களோடு நிற்க வேண்டிவரும்போது, பதிவு எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் கண்ணீர் அதைச் சரிசெய்யாது.

கோரிக்கையும் அப்படித்தான். 'ஆவன செய்யவும்' என்று முடிக்கிற கடிதத்துக்கு 'ஆவன செய்யப்படும்' என்றே பதில் வரும். வழக்கறிஞர் வேண்டுமா, சர்க்கரை நோயாளிக்கு மருந்து போய்ச் சேர வேண்டுமா, குடும்பத்தோடு தொலைபேசியில் பேச ஏற்பாடு வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்டால்தான் 'முடியாது' என்பதையாவது தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பரிதாபம் தேடும் அவசரத்தில் 'எல்லை தாண்டிப் போன எங்கள் ஆட்கள்' என்று எழுதிவிடுவது, வழக்கு நடக்கும்போது நாமே கொடுத்த வாக்குமூலமாகிவிடும். நடக்காத இயந்திரக் கோளாறை நடந்ததாக எழுதுவதும் வேண்டாம். அடுத்த முறை உண்மையாகவே இயந்திரம் நின்றுபோகும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

இலக்கணம் தடுமாறினால் என்ன என்பதற்கு வங்காளத்தின் ஒகில் சந்திர சென் போதும். 1909-இல் அகமதுபூர் நிலையத்தில் அவசரத்துக்கு இறங்கிய அவரை விட்டுவிட்டு ரயில் கிளம்பிவிட்டது. அவர் ரயில்வேக்கு எழுதிய கடிதத்தில் ஆங்கிலம் பாடாய்ப் படுகிறது. ஆனால் எந்த நிலையம், என்ன நடந்தது, பொறுப்பு யாருடையது, என்ன தண்டனை வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. அது இன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழ் வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிப்பறை வந்த கதையை இதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

இந்தக் கடல் சிக்கலில் உள்ள பெரிய முரண், பாக் நீரிணையின் இரு கரையிலும் பேசுவது தமிழ். இழுவை வலை தங்கள் கடலின் அடிவயிற்றைச் சுரண்டுகிறது என்று யாழ்ப்பாண மீனவர் சொல்வதும், பிடிபட்ட படகு கடனில் வாங்கியது என்று ராமேசுவரத்துக்காரர் சொல்வதும் ஒரே மொழியில். 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் இரு தரப்பு மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தபோது ஒருவர் குறையை மற்றவருக்கு விளக்கத் துபாஷி வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சு அரசுகளின் காகிதமாக மாறும் இடத்தில்தான் கரை வெளியே நிறுத்தப்படுகிறது.

அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு இந்தக் கரை கேட்க வேண்டியது இரண்டு. மீனவர் சங்கங்களிலும் உள்ளூர்க் கல்லூரிகளிலும் இப்படிப்பட்ட கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதப் பழகிய இளைஞர்கள் வேண்டும். விவரம் நிரப்பும் இடங்களோடு ஒரு பக்க மாதிரி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. அரசுகள் கையில் இருப்பது அடுத்தது: இக்கடலைப் பற்றி இனி எந்த ஒப்பந்தமும் எந்தக் கடிதமும் கையெழுத்தாகும் முன், அதன் வரைவு தமிழில் வெளியிடப்பட்டு, தீவிலும் கரையிலும் படிக்கப்பட்டு, ஆட்சேபம் கேட்கப்பட வேண்டும். படிக்கக் கொடுக்காத கடிதத்தை மீறியதாகச் சொல்லி ஒரு மனிதனைச் சிறையில் வைப்பதற்கு எந்த மொழியின் மரியாதைச் சொல்லும் நியாயம் தேடித்தராது.