கொலஸ்ட்ரால் குறைய பூண்டு மாத்திரை போதுமா?

டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்ததுமே பல வீடுகளில் ஒரு கேள்வி எழும். ‘இதை ஆயுசு முழுக்க விழுங்கணுமா? பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்னு இயற்கையா ஏதாவது எடுத்துக்கலாமே!’

இதற்கு விடை தேடியது அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். 2022-ல் வெளியான அதன் ஆய்வில், சுமார் 190 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 5 மி.கி ரோசுவாஸ்டாட்டின், இன்னொன்றுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மற்ற குழுக்களுக்கு மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என ஆளுக்கொரு சப்ளிமென்ட்.

28 நாள்களில் ஸ்டாட்டின் குழுவுக்கு எல்.டி.எல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 38 சதவிகிதம் குறைந்தது. ஆறு சப்ளிமென்ட்களில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிடச் சொல்லிக்கொள்ளும்படி குறைக்கவில்லை. பூண்டு குழுவுக்குச் சற்று கூடவே செய்தது! ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு மருந்து நிறுவனம், காலமும் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், வித்தியாசம் மிகப் பெரியது.

மீன் எண்ணெய் வீணா?

ஒமேகா-3 அதிக அளவில் எடுத்தால் டிரைகிளிசரைடைக் குறைக்கும். எல்.டி.எல்லைக் குறைக்காது. இரண்டும் வேறு வேறு கொழுப்புகள். ரிப்போர்ட்டில் கூடியிருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

‘இயற்கை’ என்றால் ஆபத்தில்லையா?

சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உள்ள மொனாகோலின்-கே, லோவாஸ்டாட்டின் மருந்தேதான். ஆனால், அதன் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால், தசை, கல்லீரல் பாதிப்புக்கான வாய்ப்பு கூடும். 2024-ல் ஜப்பானில் இந்த வகை சப்ளிமென்ட் ஒன்றைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

எதுதான் உதவும்?

ஓட்ஸ், பார்லி, பருப்பு, இசப்கோல் ஆகியவற்றில் இருக்கும் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தம் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். பலன் மிதமானதுதான், மாத்திரைக்குத் துணையாகும், மாற்று ஆகாது. இசப்கோல் எடுத்தால் தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

கவனிக்க...

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் ஸ்டாட்டினைத் தாங்களாக நிறுத்துவது மீண்டும் மாரடைப்பை அழைப்பதற்குச் சமம். தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லலாம்; டோஸைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, வீட்டிலிருக்கும் சப்ளிமென்ட் பாட்டில்களையும் மறக்காமல் பையில் எடுத்து வையுங்கள்.