கூரை திறக்கும் கார்

"துணிக்கூரை போட்ட மஹிந்திரா தார். பழைய வண்டி, அடிபட்டுச் சரிசெய்ததாம். விலை மலிவு என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். வாங்கலாமா?" என்று கேட்கிறார், சாகுபுரத்துச் சகோதரி ஒருவர்.

அவர் ஆசையில் தப்பில்லை. திருச்செந்தூர்ச் சாலையில் கூரையை மடக்கிவிட்டுக் கடல்காற்றில் போவது சுகந்தான், மாலை வேளையில்! சித்திரை வெயிலில் ஒரு தடவை போய்வரட்டும்.

அடி எங்கே பட்டது? அதைக் கேளுங்கள். கதவு நசுங்கியிருந்தால் பாதகமில்லை. அடியில் ஏணிபோல் ஓடும் சட்டம் வளைந்து, வெல்டிங் வைத்து நிமிர்த்தியிருந்தால் வேண்டவே வேண்டாம். மேலே இரும்புக்கூரை இல்லாத வண்டிக்குப் பெரும் பலம் கீழேதான். புதுப் பெயிண்டில் மயங்காமல், தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு வண்டியைத் தூக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்று இந்த வண்டி எங்கே நின்றது? ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை தெரிகிறதா என்று. கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். அரிசிப் பானையில் ஈரம் ஏறினால் கண்டுபிடிக்கும் மூக்குக்கு இது பெரிய காரியமா? உள்ளே தங்கிய ஈரத்தோடு உப்புக்காற்றும் சேர்ந்தால் துரு சும்மா இருக்காது.

இன்ஷூரன்ஸில் எதற்காக, எவ்வளவு வாங்கினார் என்ற காகிதத்தை விற்பவரிடம் கேளுங்கள். காட்டத் தயங்கினால், இன்னும் பத்தாயிரம் குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கணவரையும் கையோடு கூட்டிக்கொண்டு!