வகுப்பறையின் குரல்

மலேசியாவில் 2011ஆம் ஆண்டு பள்ளிசார் மதிப்பீடு அறிமுகமானது. ஒரே தேர்வைக் கொண்டு மாணவரை எடைபோடக் கூடாது என்னும் அதன் நோக்கம் நன்று. ஆனால், நடைமுறையில் சுமை ஆசிரியரின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலைக்கும் சான்றுகளைத் திரட்டிக் கோப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு இணையத்தில் பதிவிடவும் வேண்டியிருந்தது. நாடு முழுவதும் ஆசிரியர்கள் ஒரே வேளையில் நுழைந்ததால் இணையத்தளம் திணறியது. பலர் நள்ளிரவில் கண்விழித்துப் பதிவு செய்தனர். மறுநாள் காலையில் பாடம் நடத்த வேண்டியவர்களும் அவர்களே!

ஆசிரியர்கள் குரல் எழுப்பிய பின்னரே, 2014 ஏப்ரலில் கல்வி அமைச்சு அப்பணியைக் குறைத்தது. அதற்குள் மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. ஆசிரியர் சொல்வதெல்லாம் சரியென்று கொள்ள வேண்டியதில்லை. இருப்பினும், நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒரு திட்டம் நடக்குமா என்பதை அன்றாடம் அங்கு நிற்பவரைவிட யார் அறிவார்? திட்டம் அச்சேறிய பிறகு விளக்கக் கூட்டத்திற்கு அழைப்பது கருத்துக் கேட்பதாகாது. நகரப் பள்ளி, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி, சரவாக் உட்புறப் பள்ளி ஆகியவற்றின் ஆசிரியர்கள் வரைவுக் குழுவிலேயே அமர வேண்டும்; அவர்கள் சுட்டும் குறைகள் வரைவில் திருத்தப்படவும் வேண்டும்.